கணக்குப் போட்டுப் பார்த்த மேதை ஆய்லர்

பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், சரியாகத்தான் இருக்கும் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். கணக்கிலும் அப்படி இருக்கலாமா? இந்த மேதையின் கதையைக் கேளுங்கள்.

லியோனார்டு ஆய்லர் 1707ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. பையனின் மனமோ கணக்கிலேயே கிடந்தது. யோகான் பெர்னூலி என்ற பேராசிரியர் சனிக்கிழமைதோறும் அவனுடைய சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார். தந்தையிடமும் எடுத்துச் சொன்னார். 1727இல், இருபதாவது வயதில், ஆய்லர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியல் கழகத்திற்கு வேலைக்குப் போனார்.

அங்கே ஒரு பழைய கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வோர் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். எல்லாமே பகா எண்கள். அதாவது, 1ஆலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. அடுத்து வருவது 4294967297. அதுவும், அதற்கு மேல் வருபவையும் பகா எண்களே என்று பிரெஞ்சு மேதை பெர்மா நம்பினார். அவர் 1665இல் காலமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அது தவறென்று யாரும் காட்டவில்லை. பத்து இலக்க எண்ணாயிற்றே, யார் உட்கார்ந்து வகுப்பது?

ஆய்லர் உட்கார்ந்தார். 1732இல் விடை சொன்னார். 641ஐ 6700417ஆல் பெருக்கினால் அதே எண் வந்துவிடுகிறது!

பின்னாளில் அதற்கொரு வழியையும் நிறுவினார். அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 193, 257, 449, 577 அப்படிப்பட்டவை. ஆனால் ஒன்றும் சரிப்படவில்லை. ஐந்தாவதுதான் 641. நாலோடு சலித்துப் போயிருந்தால் விடை ஏது?

1738 வாக்கில் அவருடைய வலது கண் பார்வை போயிற்று. இடது கண்ணில் புரை விழுந்து, 1771இல் செய்த அறுவை சிகிச்சையும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் ஓய்ந்தாரா? அவர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் எழுதினார்கள். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 2147483647, உண்மையிலேயே பகா எண்தான் என்ற அவருடைய முடிவு 1772இல் வெளியாயிற்று. 1783 செப்டம்பரில், காலமான அன்றுகூட, அவர் புதிய கிரகமான யுரேனஸின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் பெர்மாவின் பெருமை குறைந்துவிடவில்லை; கணக்குத்தான் வளர்ந்தது.

மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வீட்டுக்குப் போய் 641ஐ 6700417ஆல் பெருக்கிப் பாருங்கள். நான் கரும்பலகையில் எழுதும் விடையையும் அப்படியே நம்பி எழுதிக்கொள்ளாதீர்கள். தப்பு இருந்தால் கையைத் தூக்குங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன், சந்தோஷப்படுவேன்.