சேனாபதி யுலிஸஸ் கிராண்டு

யுத்தத்தில் வெற்றி பெற்ற வீரர்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வீரர்களைப் போர்க்களத்திலேயே நிறுத்திவிட்டு, அவர்கள் வீடு திரும்பியபின் யாது நேர்ந்ததென்பதைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சேனாபதி யுலிஸஸ் கிராண்டின் வரலாற்றையோ அவ்வாறு முடித்தல் இயலாது. 1865-ஆம் ஆண்டில் ஒரு பெரும் யுத்தத்தை முடித்துவைத்த அவர், இருபது ஆண்டுகளுக்குப் பின், தம் மனைவியும் மக்களும் வறுமைக்கு ஆளாகாதவண்ணம் மற்றொரு யுத்தத்தைப் பேனா கொண்டு நடத்தி முடித்து, முடித்த சில நாட்களுக்குள் உயிர் நீத்தார். அப்பிற்பகுதியையே நாம் ஈண்டு விரித்துக் கூற விரும்புகின்றோம். முற்பகுதியை அதற்கு வேண்டுமளவே சொல்லிச் செல்வோம்.

கிராண்டு 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ஆம் நாள் ஓஹையோ மாகாணத்துப் பாயிண்ட் பிளெஸன்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். மைந்தருக்கோ அத்தொழிலின் நாற்றமும் குருதியும் அறவே ஆகா. ஆயிரக்கணக்கானோர் மடிந்த களங்களைப் பிற்காலத்தில் நடத்திய அவர், தம் உணவில் இறைச்சி சிறிது சிவந்து காணப்படினும் உண்ணமாட்டாதவராயிருந்தது விந்தையே. குதிரைகளைப் பழக்குவதில் மட்டும் சிறுபிராயந்தொட்டே நிகரற்றவர். 1839-ஆம் ஆண்டில் தந்தையாரின் விருப்பத்தால் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கலாசாலையிற் சேர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹைரம் யுலிஸஸ் கிராண்டு என்பதே. கலாசாலைக்குச் சிபாரிசு செய்த சட்டசபை அங்கத்தினர் பெயரைப் பிழைபட எழுதியனுப்ப, அப்பிழையே யுலிஸஸ் எஸ். கிராண்டு என்று சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. 39 மாணவர் தேறிய வகுப்பில் இவர் 21-ஆவதாகத் தேறினார். தேர்வுப் பட்டியலின் நடுவிலே தம் பெயரைக் காணும் நம் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

1844-ஆம் ஆண்டில், ஸெயின்ட் லூயிஸ் நகரை அடுத்த பாசறையிலிருந்தபோது, கலாசாலைத் தோழர் ஒருவரின் சகோதரியான ஜூலியா டென்ட் என்பாரைக் கண்டு காதல் கொண்டார். பெண்ணின் தந்தை அடிமைகளை வைத்துப் பயிரிடும் நிலக்கிழார். வருவாய் குறைந்த சிப்பாய் அதிகாரிக்கு மகளைக் கொடுக்க அவர் மனம் எளிதில் இசையவில்லை. இதற்கிடையில் மெக்ஸிகோ யுத்தம் மூண்டது. அந்த யுத்தம் அநீதியானதென்று கிராண்டு கருதினார். எனினும், கடமையென்று சென்று தீரத்துடன் பொருதார். நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இருவரும் விவாகம் செய்துகொண்டனர். அடிமை முறையை வெறுத்த கிராண்டின் பெற்றோர் அவ்விவாகத்திற்கு வரவில்லை. ஜூலியாவுக்கு ஒரு கண் சிறிது மாறுகண். கணவர் புகழ் பெற்றபின் சிகிச்சையால் அதனைச் சீர்ப்படுத்த அவர் எண்ணியபோது, தாம் காதலித்தது அந்தக் கண்களையே என்று கிராண்டு தடுத்துவிட்டார்.

குடும்பத்தைப் பிரிந்து வாழும் வன்மை கிராண்டுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை. 1852-ஆம் ஆண்டில் அவருடைய பட்டாளம் பனாமா வழியாகப் பஸிபிக் கரைக்கு அனுப்பப்பட்டது. ஜூலியா அப்பொழுது இரண்டாம் குழந்தையைக் கருவுற்றிருந்தமையால் உடன் செல்ல இயலவில்லை. பனாமாவில் வாந்திபேதி கண்டு, உடன் சென்றோரில் பலர் மாண்டனர். நோயாளரைக் கவனிக்கும் பொறுப்பு கிராண்டின்மேல் விழுந்தது. பின்னர், மழையும் மூடுபனியும் நிறைந்த தொலைதூரக் கோட்டைகளில், தாம் கண்டிராத மைந்தனை நினைந்து ஏங்கிக் காலங்கழித்தார். தபால் வருவதும் அரிது. மதுப் பழக்கமும் அவரைப் பற்றிற்று. 1854-ஆம் ஆண்டில் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்து, கையிற் பொருளின்றி நியூயார்க் வந்து சேர்ந்தார். ஊர் போய்ச் சேருவதற்கு அங்கு உதவி புரிந்தவர் பக்னர் என்னும் பழைய கலாசாலைத் தோழர். இப்பெயரை நாம் பின்னும் காண்போம்.

அடுத்த ஏழாண்டுகள் தோல்வியின்மேல் தோல்வி. மாமனார் கொடுத்த நிலத்தில் மரங்களை வெட்டித் தாமே ஒரு வீடு கட்டினார். ஹார்ட்ஸ்கிராபிள், அதாவது பாடு மிகுதியும் பலன் சொற்பமுமான இடமென்று அதற்குப் பெயருமிட்டார். விறகு பிளந்து ஸெயின்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் வண்டியில் வைத்து விற்றார். 1857-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னர்த் தம் பொற்கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்நாட்களில் மாமனார் வீட்டிலிருந்து வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீக்ரோ அடிமை ஒருவன் அவர் உடைமையாக வந்திருந்தான். விற்றிருந்தால் பல நூறு டாலர் கிடைத்திருக்கும். கடனும் ஓரளவு தீர்ந்திருக்கும். 1859-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நீதிஸ்தலத்திற்குச் சென்று பத்திரம் எழுதி அவனை விடுதலை செய்தார் கிராண்டு. மனைவியின் குடும்பத்தார் அடிமைகளை வைத்திருக்க, அவர்கள் நிழலில் வாழ்ந்தவர் செய்தது இது. அவர் வாழ்வில் வெற்றிகள் பலவற்றை எண்ணுவோர் இதனையும் எண்ணுதல் தகும். 1860-ஆம் ஆண்டில் நான்கு குழந்தைகளுடன் இல்லினாய்ஸ் மாகாணத்துக் கலீனா நகரையடைந்து, எந்தத் தோல் தொழிலை வெறுத்தாரோ அந்தத் தொழிற்கடையிலேயே தம் தம்பியருக்கு உதவியாளராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 38.

மறு ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. அதன் விவரங்களை நம் சரித்திர மாணவர் அறிவர். 1862-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டானெல்ஸன் கோட்டையை அவர் கைப்பற்றியபோது, எதிர்ப்படையைச் சரணாகதி செய்தவர் மேற்கூறிய பக்னரே. நிபந்தனையின்றிச் சரணடையக் கட்டளையிட்ட கிராண்டு, காரியம் முடிந்தபின் தம் பணப்பையை அவர்முன் நீட்டினார். அவ்வெற்றியைக் கேட்டு மகிழ்ந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கான சுருட்டுகளை அவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். அதுமுதல் ஓயாமற் சுருட்டுப் பிடிக்கலாயினார். அப்பரிசின் விலையைப் பின்னர்க் காண்போம். 1863-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் விக்ஸ்பர்க் நகரம் வீழ்ந்தது. அம்முற்றுகைப் பிரயாணத்தில் மூத்த மைந்தன் பிரெட்ரிக் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் குதிரையேறிச் சென்று காலிற் குண்டடிபட்டான். ஜூலியாவும் இயன்றபோதெல்லாம் பாசறைக்கு வந்து கணவருடன் தங்கினார். கறைகளும் இல்லாமலில்லை. 1862-ஆம் ஆண்டு டிசம்பரில் யூதர்களைத் தம் அதிகார எல்லையினின்று வெளியேற்றும்படி அவர் பிறப்பித்த உத்தரவு மன்னிக்கத்தக்கதன்று. லிங்கன் அதனை உடனே ரத்துச் செய்தார்.

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் அப்போமாட்டக்ஸ் என்னுமிடத்தில் தென்னாட்டுத் தளபதி லீ சரணடைந்தார். லீ பகட்டான உடையில் வர, கிராண்டு சேறு படிந்த சாதாரணச் சிப்பாய்ச் சட்டையுடன் வந்தார். உடன்படிக்கையைத் தாமே எழுதினார். தோற்ற வீரர் தத்தம் குதிரைகளை வீட்டிற்குக் கொண்டுபோய் வசந்தகால உழவிற்குப் பயன்படுத்த அனுமதித்தார். பசித்திருந்த அவர்களுக்கு உணவும் அனுப்பினார். தம் படையினர் வெற்றிப் பீரங்கி முழக்கியதையும் நிறுத்தினார். இங்கே பேசியவர் ஹார்ட்ஸ்கிராபிளில் ஏர் பிடித்த குடியானவரேயென்று நமக்குத் தோன்றுகிறது. ஐந்து நாள் கழித்து நாடகம் பார்க்க லிங்கன் அழைத்தார். நியூஜெர்ஸியிலிருந்த தம் குழந்தைகளைக் காணவேண்டுமென்று கூறி, கிராண்டு தம்பதிகள் அன்று மாலையே ரயிலேறினர். லிங்கனது கொலைச் செய்தி அவர்களுக்கு வழியில் எட்டியது.

1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாயிருந்த காலத்தை நாம் விரைந்து கடப்போம். விடுதலை பெற்ற நீக்ரோக்களின் வாக்குரிமைக்காகவும், அவர்களைக் கொடுமைப்படுத்திய கூ கிளக்ஸ் கூட்டத்தை அடக்குவதற்கும் அவர் உண்மையாகவே முயன்றார். ஆயினும் நண்பரென்று நம்பியவர் பலர் அரசாங்கப் பணத்தைச் சூறையாடினர். மனிதரை எளிதில் நம்பிவிடுவது கிராண்டின் இயற்கை. போர்க்களத்தில் எதிரியின் எண்ணத்தை நொடியில் ஊகித்தவருக்குப் பக்கத்தில் நிற்கும் கள்வனை ஊகிக்கத் தெரியவில்லை. பதவி நீங்கியபின் மனைவியுடன் உலக யாத்திரை செய்தார். 1879-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கும் வந்து பம்பாய், ஆக்ரா, காசி, கல்கத்தா முதலிய நகரங்களைக் கண்டு சென்றார்.

பின்னர் நியூயார்க்கிற் குடியேறி, தம் பொருளனைத்தையும் வார்டு என்னும் இளைஞன் நடத்திய கம்பெனியில் இட்டார். இரண்டாம் மைந்தனும் அதிற் பங்காளி. 1884-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் வார்டு வந்து, உடனே 1,50,000 டாலர் கிடைத்தால் கம்பெனி தப்புமென்றான். கிராண்டு ரயில்வே செல்வர் வாண்டர்பில்ட்டிடம் சென்று, தம் பெயரின்மேல் அத்தொகையைக் கடன் பெற்றுக் கொடுத்தார். இரண்டு நாளில் கம்பெனி முறிந்தது. நடந்ததெல்லாம் மோசடி. வீட்டில் எஞ்சியது இருநூறு டாலர் அளவே. ஜனாதிபதி பதவியை ஏற்றபோது சேனை உத்தியோகத்தை விட்டுவிட்டமையால் ராணுவச் சம்பளமுமில்லை. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு உபகாரச் சம்பளமளிக்கும் சட்டமும் 1958-ஆம் ஆண்டுவரை ஏற்படவில்லை. கடனுக்கு ஈடாகத் தம் வாள்களையும் பதக்கங்களையும் பரிசுகளையும் வாண்டர்பில்ட்டிடம் ஒப்புவித்தார். அவர் அவற்றைத் தேசத்திற்கே சேரும்படி செய்துவிட்டார்.

அக்கோடையில் ஒருநாள் பீச் பழம் ஒன்றைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் தீச்சுட்டாற்போன்ற வலி உண்டாயிற்று. பல மாதம் அசட்டையாயிருந்தார். அக்டோபரில் வைத்தியர் பார்த்து, புற்றுநோயென்று கண்டார். டானெல்ஸன் கோட்டையின் சுருட்டுகள் கணக்குத் தீர்க்க வந்துவிட்டன.

வயிற்றுப்பாட்டிற்காக முன்னரே ஒரு பத்திரிகைக்கு யுத்தக் கட்டுரைகள் எழுதத் தொடங்கியிருந்தார். கட்டுரையொன்றுக்கு 500 டாலர். முதலில் எழுதியது உத்தியோக அறிக்கைபோல் உலர்ந்திருந்தது. களத்தில் தாம் கண்டதையும் நினைத்ததையும் எழுதுமாறு பத்திரிகையார் கூற, உடனே அதனைக் கற்றுக்கொண்டார். அறுபத்திரண்டாம் வயதில் மாணவராயினார் என்க. முழுச் சரித்திரத்தையும் நூலாக எழுத அப்பத்திரிகையார் நூற்றுக்குப் பத்து வீதம் தர இசைந்திருந்தனர். இதனைக் கேள்வியுற்ற ஹாஸ்ய ஆசிரியர் மார்க் டுவெயின் அது அநியாயமென்று கருதி, தம் பிரசுர நிலையத்தின் வாயிலாக நிகர லாபத்தில் நூற்றுக்கு 70 பங்கு கொடுக்க முன்வந்தார். முந்தினவர்களுக்குத் துரோகமாகுமோ என்று கிராண்டு தயங்கினார். பட்டபின்னும் குணம் மாறவில்லை. 1885-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இனி நூல் முந்துமோ, மரணம் முந்துமோ என்பதே கேள்வி. மூத்த மைந்தன் பிரெட்ரிக் அருகிருந்து ஆதாரங்களைச் சரிபார்த்தார். தண்ணீர் விழுங்குவதும் வேதனையாயிற்று. வலியை அடக்க மருந்து உண்டு. ஆனால் மார்பியா மிகுந்தால் அறிவு மங்குமென்று, எழுதும் வேளையில் வலியையே தெரிந்துகொண்டார். மார்ச்சு 4-ஆம் நாள் காங்கிரஸ் அவரைச் சேனாபதி பதவியிற் சம்பளத்துடன் மீண்டும் அமர்த்தியது. அம்மாத இறுதியில் மரணம் நேர்ந்துவிட்டதென்றே யாவரும் எண்ணினர். மெதடிஸ்டு போதகர் நியூமன் ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். நோயாளர் பிழைத்தெழுந்தார். போதகர் அது ஜெபத்தின் பலனென்றார். வைத்தியரோ தாம் ஊசிவழியாக ஏற்றிய பிராந்தியின் பலனென்றார். கிராண்டு மீண்டும் எழுத உட்கார்ந்தார்.

சுருக்கெழுத்தருக்குச் சொல்லி எழுதுவித்தார். குரல் அற்றபின் தம் கையாலேயே எழுதினார். ஜூன் 16-ஆம் நாள் நியூயார்க் மாகாணத்து மக்கிரிகர் மலையில் ஒரு வீட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். கம்பளித் தொப்பியும் சால்வையுமாகத் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து எழுதினார். வீட்டாருடன் பேசுவதும் காகிதத் துண்டுகளிலேயே. ஜூலை மாதத்தில் பக்னர் மறுபடியும் வந்தார். ஒருவரை மற்றொருவர் மீட்டும் சிறைப்பிடித்தும் இருந்த அந்நண்பரிருவரும் இப்பொழுது காகிதத் துண்டுகளின் மூலம் உரையாடினர். ஜூலை மூன்றாம் வாரத்தில் நூல் முற்றுப்பெற்றது. 23-ஆம் நாள் காலை, மனைவி மக்கள் சூழ, அவர் உயிர் பிரிந்தது. உடையில் ஜூலியாவுக்கு எழுதிய கடிதமொன்று அகப்பட்டது.

இரு பாகங்களில் 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை நாம் வாசிக்கும்போது, நோயாளர் ஒருவர் எழுதியதென்று எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை. வாக்கியங்கள் அவர் களத்தில் எழுதிய உத்தரவுகளைப்போல் தெளிவாயிருக்கின்றன. கோல்டு ஹார்பர் போரில் கடைசியாகத் தாக்கியது தவறென்று தாமே ஒப்புக்கொள்கிறார். மதுவைக் குறித்து மட்டும் வாய் திறக்கவில்லை, அது குறையே. எவருக்காக எழுதப்பட்டதோ அந்த ஜூலியாவும் அதிற் சில பக்கங்களிலேயே தோன்றுகிறார். பழைய யுத்த வீரர் பலர் வீடுதோறும் சென்று முன்பணம் வாங்கி விற்க, மூன்று லக்ஷம் பிரதிகளுக்குமேல் செலவாயின. 1886-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டுவெயினின் நிலையம் ஜூலியாவுக்கு 2,00,000 டாலருக்குக் காசோலை கொடுத்தது. பின்னும் அத்துணைத் தொகை வந்தது.

அடக்கம் செய்யுமிடத்தைப்பற்றி உயிரோடிருக்கும்போதே அவர் மைந்தனுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். வெஸ்ட் பாயிண்ட் அவருக்கு விருப்பமானதே. ஆனால் அங்கே மனைவியைப் பக்கத்தில் அடக்க இடங்கொடார் என்று அதனை விலக்கிவிட்டார். பக்னரும் வேறொரு தென்னாட்டுத் தளபதியும் வடநாட்டு ஷெர்மன், ஷெரிடன் ஆகியோருடன் சவ ஊர்வலத்திற் சென்றனர். நியூயார்க்கில் ஹட்ஸன் நதிக்கரை மேட்டில் 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அவருடைய சமாதி மண்டபம் பிரதிஷ்டையாயிற்று. ஜூலியா 1902-ஆம் ஆண்டு டிசம்பரிற் காலமானார். செந்நிறக் கருங்கற் பேழைகள் இரண்டு, ஒரே அளவினவாய், அம்மண்டபத்தின் கீழ்த்தளத்தில் அருகருகே இருக்கின்றன.