நிறமாலையில் உயிர்மூச்சைக் கண்டவர் டேவிட் கெய்லின்

ஆய்வுலகில் புதியன காண்போர் பலர். தாம் கண்டதைத் தமக்கு முன்னரே ஒருவர் கண்டிருந்தார் என்பதை அறிந்தபோது, அதனை மறைக்காமல் ஊரறியச் சொன்னோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டேவிட் கெய்லின். உயிரணு எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதை ஒளியின் துணைகொண்டு காட்டிய அப்பெருமகனாரின் வாழ்வு, அறிவியல் மாணவர்க்கேயன்றி ஆய்வில் ஈடுபடும் அனைவர்க்கும் பாடமாக அமையத்தக்கது.

இளமையும் கல்வியும்

கெய்லின் 1887ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் மாஸ்கோ நகரில் போலந்து இனப் பெற்றோர்க்குப் பிறந்தார், வார்சாவில் வளர்ந்தார். மருத்துவம் பயில 1904இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குச் சென்றார். ஆயினும் ஆஸ்துமா என்னும் ஈளைநோய் அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. மருத்துவக் கல்வியை விடுத்துப் பாரிஸ் சென்றவர், ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய கட்டடத்தில் விலங்கியல் பேராசிரியர் கோல்லரியின் விரிவுரையைக் கேட்க நேர்ந்தது. அன்று முதல் பூச்சிகளும் ஒட்டுண்ணிகளும் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின. 1915இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். மூச்சுக்குத் திணறிய ஒருவர் மூச்சின் மறைபொருளை வெளிப்படுத்தியதை எண்ணும்போது நாம் வியப்படைகிறோம்.

ஈ காட்டிய வழி

குதிரையின் இரைப்பையில் ஒட்டி வாழும் ஒருவகை ஈயின் புழுக்களில் ஹீமோகுளோபின் உண்டு. அப்புழு வளர்ந்து ஈயாகும்போது அந்தச் செந்நிறப் பொருள் என்னவாகிறது என்பதே கெய்லின் எழுப்பிய வினா. விடைகாண ஈயின் மார்புத் தசையை நிறமாலைகாட்டி பொருத்திய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒளியின் வண்ண வரிசையில் நான்கு கரிய பட்டைகள் தெரிந்தன. அவை ஹீமோகுளோபினின் பட்டைகள் அல்ல. ஹீமோகுளோபினே இல்லாத பிற பூச்சிகளிலும், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலும், தாவரத் திசுக்களிலும் அவை தோன்றின.

ஒருநாள் ஈஸ்ட் கரைசலைக் காற்றுப்படக் குலுக்கிப் பார்த்தபோது பட்டைகள் மறைந்தன. சற்றுநேரம் அசையாது வைத்தபோது மீண்டும் தோன்றின. இதன் பொருள் யாது? அந்நிறமியினுள் இரும்பு உள்ளது. உயிரணு உணவைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரானை அவ்விரும்பு ஏற்கிறது. அந்நிலையில் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆக்ஸிஜன் வந்து எலக்ட்ரானைக் கொண்டு சென்றதும் பட்டைகள் மறைகின்றன. சயனைடு நஞ்சைச் சேர்த்தால் காற்றுப் பட்டாலும் பட்டைகள் மறைவதில்லை. மூச்சு தடைபட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று. உயிருள்ள அந்துப்பூச்சி சிறகடிக்கும்போது பட்டைகள் தோன்றுவதையும் ஓய்ந்திருக்கும்போது மறைவதையும் அவர் கண்டார். உயிரைக் கொல்லாமலே அதன் உள்மூச்சைக் கண்ணால் காணும் வழி இவ்வாறு பிறந்தது. 1925இல் அந்நிறமிக்கு உயிரணுவின் நிறம் எனப் பொருள்படும் சைட்டோக்குரோம் என்ற பெயரைச் சூட்டினார். அது ஒன்றன்று, மூன்று நிறமிகளின் கூட்டு என்பதையும் காட்டினார்.

மறக்கப்பட்ட மருத்துவர்

இங்குதான் கெய்லினின் உயர்ந்த உள்ளம் வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் மருத்துவத் தொழில் செய்துவந்த சார்லஸ் மக்மன் என்பார், குதிரை லாயத்தின் மேல்தளத்தில் சிறிய ஆய்வுக்கூடம் அமைத்து, 1884 முதல் 1886 வரையிலான ஆண்டுகளில் இதே பட்டைகளைக் கண்டு வெளியிட்டிருந்தார். ஜெர்மானியப் பேரறிஞர் ஹோப்பெ சைலர் அதனை ஏற்கவில்லை. அவை ஹீமோகுளோபின் சிதைவதால் விளைந்தவை என்று கூறி, தாம் ஆசிரியராக விளங்கிய இதழில் அவ்விவாதத்தை முடித்துவைத்தார். பெரியவரின் சொல்லுக்கு முன் சிற்றூர் மருத்துவரின் கண்கள் கண்ட உண்மை எடுபடவில்லை. மக்மன் 1911இல் மறைந்தார்.

கெய்லின் நினைத்திருந்தால் இதனை ஓர் அடிக்குறிப்பில் அடக்கியிருக்கலாம். அவரோ தம் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மக்மனின் பணியை விரிவாக எடுத்துரைத்தார். அவர் கண்டது மெய்யே என நிலைநாட்டினார். தம் முதுமையில் எழுதிய உயிரணு மூச்சின் வரலாற்று நூலிலும் மக்மனுக்கு உரிய இடத்தை அளித்தார். கெய்லின் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மறைந்தபின், அந்நூலை அவர்தம் மகள் ஜோன் கெய்லின் நிறைவுசெய்து 1966இல் வெளிக்கொணர்ந்தார்.

செம்பின் கதை

கெய்லினுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. மூச்சு நொதி ஆய்வுக்கான பரிசு 1931இல் வார்பர்க்குக்குச் சென்றது. ஆயினும் அவர் 1951இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் காப்ளி பதக்கம் பெற்றார். 1938இல் அவரும் தாதியுஸ் மானும் மாட்டின் இரத்தத்திலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து ஹீமோகுப்ரின் எனப் பெயரிட்டனர். அதன் பணி என்ன என்பது அன்று விளங்கவில்லை. 1969இல் மக்கார்டு, பிரிடோவிச் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர், ஆக்ஸிஜனிலிருந்து தோன்றித் திசுக்களைத் தாக்கும் சூப்பர்ஆக்சைடு என்னும் பொருளை அழிக்கும் காவல் நொதி அதுவே எனக் காட்டினர். தம் கட்டுரையின் தலைப்பிலேயே பழம்பெயரான ஹீமோகுப்ரினையும் குறித்தனர். மக்மனுக்குக் கெய்லின் செய்த நன்மை, கெய்லினுக்கு இவ்வாறு திரும்பி வந்தது எனலாம்.

நாம் கொள்ள வேண்டியது

ஆய்வேடு எழுதும் மாணவச் செல்வங்கள், முன்னோர் ஆய்வு என்னும் பகுதியைச் சடங்காகக் கருதி நான்கு பெயர்களைக் கோத்து முடித்துவிடுவதை நாம் காண்கிறோம். அப்பகுதி உண்மையில் ஒரு கடன் கணக்கு. யாரிடம் எதைப் பெற்றோம் என்பதை அங்கே நேர்மையாக எழுதிவைத்தல் வேண்டும். புகழ்பெற்றவர் மறுத்துவிட்டார் என்பதற்காகவே ஓர் உண்மையை ஒதுக்கிவிடாமல், மூலத்தையே நேரில் பார்க்கும் துணிவும் வேண்டும். கெய்லின் இவ்விரண்டையும் செய்தார். அதனால் சைட்டோக்குரோமின் வரலாற்றைக் கூறுவோர், கெய்லினுடன் மக்மனின் பெயரையும் சேர்த்தே கூறுகின்றனர். பிறர் பெயரை வாழவைத்தவரின் பெயரும் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?