இசைத்தட்டில் மதுரகவி

நுழையும்முன்

ஒரு பாடல் புகழ்பெறும்போது, பாடியவர் பெயர் ஊரெங்கும் பரவுகிறது. எழுதியவர் பெயர் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. வானொலி தமிழகத்து வீடுகளை எட்டும் முன்பே, நாடக மேடையும் இசைத்தட்டும் தமிழ்ப் பாட்டைச் சிற்றூர்கள்வரை கொண்டு சேர்த்தன. அவ்விரண்டுக்கும் இடையறாது பாட்டெழுதிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. இன்று தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் இவ்வூர், 1985ஆம் ஆண்டுவரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1875இல் இவ்வூர் வழியாக அமைந்தது. பூட்டும் புகையிலையும் ஏற்றிச் சென்ற அப்பாதையிலேதான் ஆர்மோனியப் பெட்டியோடும் ஒப்பனைப் பெட்டியோடும் நாடகக் கலைஞர்கள் ஊர்விட்டு ஊர் சென்றனர். மாசியிலும் பங்குனியிலும் திருவிழாப் பந்தல்களில் விடிய விடிய நாடகம் நடந்தது. அம்மேடைகளுக்கு உரிய பாட்டு மதுரையில் பிறந்தது.

அங்கே பாட்டெழுதியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இயற்பெயர் வெள்ளைச்சாமி. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தில் 1892இல் பிறந்து, மதுரையில் வளர்ந்தார். தமிழ் நாடக உலகின் பேராசானாகிய சங்கரதாஸ் சுவாமிகள் அக்காலத்தில் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை யாத்தளித்துப் பெரும்புகழுடன் திகழ்ந்தார். பாஸ்கரதாஸ் அம்மரபின் நிழலில் வளர்ந்தவர். ஆயினும் அவருக்கு வாய்த்த காலம் வேறு, கருவியும் வேறு.

அக்கால நாடகத்தின் அமைப்பை அறிந்தால்தான் பாடலாசிரியரின் பணி விளங்கும். 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட முறையில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வேலனாக நடிப்பவர் மற்றோர் ஊரிலிருந்தும் அன்று மாலை வந்து சேர்வர். ஒத்திகை இல்லை. கதை எல்லாருக்கும் தெரிந்தது. உரையாடலை மேடையிலேயே வளர்த்துக்கொள்வர். எவரிடம் புதிய பாட்டு இருக்கிறதோ அவர் பக்கம் கைதட்டல் சாயும். ஆகவே பாடகர்கள் புதுப் பாட்டுக்காகப் பாடலாசிரியரைத் தேடி வந்தனர். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், விசுவநாததாஸ் போன்றோர் பாஸ்கரதாஸின் பாடல்களைப் பாடினர். ஒலிபெருக்கி இல்லாத பந்தலில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் உழவருக்கும் கேட்கவேண்டிய பாட்டு அது. நெடில் ஓசைகள் மிகுந்து, பொருள் முதல் கேள்வியிலேயே விளங்குமாறு இருக்கவேண்டும். புலவர் சிலர் இவ்வகைப் பாட்டை எளிதென எண்ணி ஒதுக்கினர். எளிமையாக எழுதுவதன் அருமையை அவர்கள் கருதவில்லை.

இசைத்தட்டு அப்பணியை மேலும் கடினமாக்கியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடப்பட்ட ஒன்றைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். 1925க்கு முன்னர் ஒலிவாங்கியும் இல்லை. பெரிய கூம்பின் வாயருகே நின்று பாடகர் உரக்கப் பாட, அந்த ஒலியின் அதிர்வே ஊசியை இயக்கி மெழுகில் கோடிட்டது. மெல்லிய சொற்கள் அதில் தேய்ந்துபோகும். அதன்பின் வந்த மின்பதிவு முறை குரலின் நயங்களைக் காத்தது, காலவரம்போ மாறவில்லை. சுருங்கச் சொல்லுதல் என்னும் நூல் இலக்கணத்தை இயந்திரம் கட்டாயமாக்கியது எனலாம்.

தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாடகர் பெயரும் இராகமும் தாளமும் அச்சாகும். பாடலாசிரியர் பெயர் பெரும்பாலும் இராது. கீர்த்தனை மரபில் இயற்றியவர் இறுதிச் சரணத்தில் தம் முத்திரையை வைப்பதுண்டு; மூன்று நிமிடத்துக்காகச் சரணங்கள் குறைக்கப்படும்போது அந்த அடையாளமும் மறைந்துவிடும். இக்குறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜாஸ் இசை இசைத்தட்டுகளின் வழியே பரவிக்கொண்டிருந்தது. ஆண்டி ராசாஃப் என்னும் கறுப்பினப் பாடலாசிரியர் 1929இல் நியூயார்க் மேடைக்காக, கறுத்த தோலின் துயரைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குள்ளேயே பாட்டாக்கினார். பாடியவர்கள் உலகப்புகழ் எய்தினர். ராசாஃபை அறிந்தோர் சிலரே.

பொழுதுபோக்குக்குள் துயரை வைக்கும் அவ்வுத்தியைப் பாஸ்கரதாஸும் கையாண்டார். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றி அவர் எழுதிய பாட்டு, செய்தித்தாள் படிக்க இயலாத மக்களுக்கும் அச்செய்தியைக் கொண்டு சென்றது. காந்தியடிகளின் எளிமையைப் போற்றி அவர் எழுதிய பாட்டு, சுந்தராம்பாளின் குரலில் இசைத்தட்டாகி வீதிகளில் ஒலித்தது. புராண நாடகத்தின் நடுவே இவை இடம்பெற்றன. கதைக்கும் பாட்டுக்கும் தொடர்பு என்னவென்று அவையினர் கேட்கவில்லை. வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு வந்தால், அது எவரைக் குறிக்கிறது என்று பந்தல் முழுவதும் அறிந்திருந்தது. காவல்துறையினரும் அறிந்திருந்தனர். முருகன் வேடத்தில் நின்ற விசுவநாததாஸ் பலமுறை சிறை செல்ல நேர்ந்தது.

1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், நாடகத்தை நிறுத்தும் அதிகாரத்தை ஆங்கில அரசுக்கு அளித்திருந்தது. பாட்டோ கையெழுத்துப் படியில் இல்லாமல் நடிகரின் நாவில் இருந்தது. மேடையில் திடீரென எழுந்து அடங்கிவிடும். அச்சில் ஏறியவற்றின்மீது அரசால் எளிதில் கைவைக்க முடிந்தது. பாஸ்கரதாஸின் தேசியப் பாடல் தொகுப்பு தடைக்கு உள்ளானது. ஆனால், மனப்பாடமாகிவிட்ட பாட்டைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்தில் வழியிருக்கிறது?

தெரிந்து தெளிவோம்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்த வத்தலக்குண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. 'மணிக்கொடி' இதழை நடத்திய பி. எஸ். ராமையா பிறந்ததும் அவ்வூரே. அவரும் பின்னாளில் திரையுலகில் பணியாற்றினார்.

1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கி, பம்பாயில் படமாக்கப்பட்ட இதுவே தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படுகிறது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையளித்தார்! அப்படத்துக்குப் பாட்டெழுதியவர் பாஸ்கரதாஸ். வடமொழிக் கவியின் கதையில் இராட்டையின் பெருமையைக் கூறும் பாட்டொன்று இடம்பெற்றது. பொருத்தமற்றதென்று இன்று நகைக்கத் தோன்றலாம். நாடகப் பந்தலில் பழகிய அவையினருக்கு அது புதிதன்று; மேடையில் கேட்டு மகிழ்ந்ததை வெண்திரையிலும் எதிர்பார்த்தே அவர்கள் வந்தனர். அப்படத்தின் படிச்சுருள் எதுவும் இன்று கிடைக்கவில்லை.

பேசும்படம் வளர வளர நாடக மேடை மெலிந்தது. கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். விசுவநாததாஸ் 1940இன் இறுதி நாளில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே மேடையில் உயிர்நீத்தார். தம் பாட்டுக்கு உருவளித்த குரல்கள் ஒவ்வொன்றாக அடங்குவதைப் பாஸ்கரதாஸ் கண்டார். நாடு விடுதலை பெற்றதையும் கண்டார். 1952இல் மறைந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிவந்தார். எவருக்குப் பாட்டு எழுதினார், எங்கே நாடகம் பார்த்தார், எவரைச் சந்தித்தார் என்பன சுருக்கமான குறிப்புகளாக அதில் உள்ளன. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், அவருடைய பேரனும் நாடக ஆசிரியருமான முருகபூபதி அக்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். இசைத்தட்டின் வட்டத்தாளில் இடம்பெறாத பெயருக்குரிய பாட்டுகளைத் தேடும் ஆய்வாளர்கள் இன்று முதலில் எடுப்பது அந்த நூலைத்தான்.