நாகூர் வழி வந்த முன்ஷி

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் முன்ஷி அப்துல்லா, 1796-இல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தவர். கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். பாட்டியார் பெயர் பெரியாச்சி. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்.

அப்துல்லாவுக்கு முன் பிறந்த நால்வரும் சிறுவயதிலேயே மவுத்தாகிவிட்டனர். இவரும் நோஞ்சான். இந்தப் பிள்ளையாவது தங்கட்டுமே என்று பத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பாலூட்டக் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த வீடு என்று சொல்ல மாட்டோம். ஆனால் தகப்பனார் கண்டிப்பானவர், செல்லம் கிடையாது. சிறுவனாக இருக்கும்போதே குர்ஆன் எழுதிக் கொடுத்துக் காசு சம்பாதித்தார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதிக் கொடுத்து, அவர்களிடமே இந்துஸ்தானி கற்றார். முன்ஷி என்பது அவர்கள் வைத்த பெயர்தான்.

தமிழும் இரண்டு ஆண்டுக்கு மேல் படித்தார். அன்றைய மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம். கணக்குக்கும் வியாபாரப் பேச்சுக்கும் அது வேண்டியிருந்தது. கோல சிலாங்கூரில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு இது இனிக்கிறது, உறுத்தவும் செய்கிறது. எங்கள் கடைக் கணக்கு இன்று தமிழில் இல்லை.

1811 வாக்கில் ராஃபிள்ஸிடம் எழுத்தரானார். ராஜாக்கள் கதையே எழுதப்பட்ட காலத்தில், தம் நோயையும் பள்ளியில் பிள்ளைகள் பட்ட தண்டனைகளையும்கூட எழுதி, 1843-இல் ஹிகாயத் அப்துல்லாவை முடித்தார். 1849-இல் அது அச்சேறியது. 1854-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், அங்கேயே வஃபாத்தானார்.