கைநழுவிய வேலையும் கைகொடுத்த தமிழும்

நுழையும் முன்

விரும்பிய ஒன்று கிடைக்காமற் போவதும், கிடைத்த ஒன்று கைவிட்டுப் போவதும் வாழ்வில் எவர்க்கும் நேரக்கூடியவை. அவ்வாறு ஓர் இழப்பு நேர்ந்தபோது தமிழைக் கற்கத் தொடங்கி, பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக உயர்ந்தவர் டாக்டர் மு. வரதராசனார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

1. திருவேங்கடம் என்னும் சிறுவன்

மாணவர்களே! திருப்பதி மலையைப் பழந்தமிழ் நூல்கள் வேங்கடம் என்று குறிப்பிடுகின்றன. அம்மலையின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் தமிழகத்தின் வட பகுதியில் இன்றும் உண்டு. முனுசாமி, அம்மாக்கண்ணு ஆகியோரின் மகனாக 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்த குழந்தைக்கும் திருவேங்கடம் என்றே பெயரிட்டனர். ஆயினும் பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே பின்னர் நிலைபெற்றது. தந்தையார் பெயரின் முதலெழுத்தையும் தம் பெயரின் முதலெழுத்தையும் இணைத்துத் தமிழுலகம் அவரை மு.வ. என்று அன்புடன் அழைக்கிறது.

அவருடைய ஊர் வாலாசாபேட்டைக்கு அருகிலுள்ள வேலம் என்னும் சிற்றூர். அது அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாம் வாழும் சித்தூர்தான் 1911ஆம் ஆண்டு வரை அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டிற்கு வேலூர் தலைநகராயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்தவர் மு.வ. ஆகவே அவர் நமக்கு அயலூரார் அல்லர். பக்கத்து மண்ணின் மைந்தரே ஆவார்.

மு.வ. பள்ளிக் கல்வி பயின்ற ஊர் திருப்பத்தூர். திருப்பதி வேறு, திருப்பத்தூர் வேறு என்பதை நினைவிற் கொள்க. குப்பம் வழியாகத் தமிழகத்துள் நுழையும் பாலாறு வாணியம்பாடியைக் கடந்து செல்கிறது. அந்த வாணியம்பாடிக்குத் தெற்கே உள்ளது திருப்பத்தூர்.

2. வந்த வேலையும் போன வேலையும்

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய மு.வ., இருபது வயது நிரம்பும் முன்னரே திருப்பத்தூரில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் சிற்றூர்க் குடும்பம் ஒன்றிற்கு எழுத்தர் பணி எளிதிற் கிடைக்கும் பேறன்று. மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் மாதந்தோறும் தவறாமல் ஊதியம் வரும். அலுவலகத்தில் மகன் அமர்ந்து எழுதுவதைப் பெற்றோர் பெருமையாகக் கருதுவர். படித்த இளைஞர் பலர் அத்தகைய வேலைக்குக் காத்திருந்த காலம் அது.

ஆயினும் அந்த வேலை நீடிக்கவில்லை. மு.வ.வின் உடல்நலம் குன்றியது. பணியைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டது. அவர் பணியிலிருந்து விலகி, ஓய்வு பெறும் பொருட்டுத் தம் கிராமத்திற்குத் திரும்பினார். உடன்படித்தவர்கள் வேலை தேடிப் புறப்படும் வயதில், அவர் கிடைத்த வேலையை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது. நோயும் வருவாயின்மையும் ஒருங்கே வந்தன. அடுத்து என்ன செய்வது என்பதற்கு அவர் முன் ஆயத்தமான வழி எதுவும் இல்லை.

3. ஓய்வுக் காலம் கல்விக் காலமாயிற்று

அந்நிலையில் மு.வ. தமிழைக் கற்கத் தொடங்கினார். திருப்பத்தூரில் வாழ்ந்த முருகைய முதலியார் என்னும் தமிழறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். இலக்கணத்தையும் இலக்கியத்தையும் அவரிடம் கற்ற மு.வ., பின்னர்த் தாமே நூல்களைப் பயின்று வித்துவான் தேர்விற்கு ஆயத்தமானார்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். தமிழ் கற்றால் உயர்ந்த பதவி கிடைக்கும் என்று சொல்லக்கூடிய காலம் அன்று இல்லை. ஆங்கிலம் கற்றவர்க்கே பெரிய அலுவல்கள் கிடைத்தன. பள்ளிகளில் தமிழாசிரியரின் ஊதியம் பிற பாடங்களைக் கற்பித்த ஆசிரியரின் ஊதியத்தினும் குறைவாக இருந்தது. மதிப்பும் அவ்வாறே இருந்தது. ஆகவே மு.வ. தேர்ந்துகொண்டது இலாபம் கருதிய வழியன்று. தம் உடல்நிலைக்கு இயன்றதும், தம் உள்ளத்திற்கு இனியதும், தம் ஊரிலேயே கற்க வாய்த்ததும் தமிழே என்பதனால் அவர் அதனைப் பற்றிக்கொண்டார்.

வித்துவான் தேர்வு எளியதன்று. கல்லூரிகளில் முறையாகப் பயின்றவர்களும் அதனை எழுதினர். 1935ஆம் ஆண்டு நடந்த தேர்வில், தாமே பயின்ற மு.வ. சென்னை மாகாணத்தில் முதல் மாணவராகத் தேர்ச்சி பெற்றார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் வழங்கிய 1000 ரூபாய்ப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகையாகும். வேலையை இழந்து ஊர் திரும்பிய இளைஞரை மாகாணம் முழுவதும் அறிந்துகொண்டது.

4. ஒவ்வொரு படியாக

அதே ஆண்டில் மு.வ. திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். எந்த ஊரில் எழுத்தர் பணியைத் துறந்தாரோ, அந்த ஊரிலேயே ஆசிரியராகத் தலைநிமிர்ந்து நின்றார். அத்துடன் அவர் மனநிறைவு கொண்டு கற்பதை நிறுத்திவிடவில்லை. பகலில் மாணவர்க்குக் கற்பித்தவாறே தாமும் பயின்று, 1939ஆம் ஆண்டு கீழ்த்திசை மொழிகளுக்குரிய பி.ஓ.எல். பட்டம் பெற்றார். அப்பட்டம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியின் கதவை அவருக்குத் திறந்தது. அவ்வாண்டிலேயே அவர் அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

கல்லூரியில் பணியாற்றிய காலத்திலும் அவர் ஆய்வை விடவில்லை. தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து 1944ஆம் ஆண்டு எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை இடம்பெறும் முறையை ஆராய்ந்து 1948ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

வேலையை இழந்ததற்கும் இப்பட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. ஒரே நாளில் அவர் வாழ்வு மாறிவிடவில்லை. ஒரு தேர்வு, ஒரு பணி, மீண்டும் ஒரு தேர்வு, மேலும் ஒரு பணி என்று ஒவ்வொரு படியாகவே அவர் ஏறினார்.

5. எளிய தமிழ், இனிய தமிழ்

மு.வ. எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார். புதினம், சிறுகதை, கட்டுரை, கடிதம், மொழியியல், இலக்கிய வரலாறு எனப் பல துறைகளில் அவை அமைந்தன. செந்தாமரை, கள்ளோ காவியமோ, கரித்துண்டு முதலிய புதினங்களைத் தமிழ்க் குடும்பங்கள் விரும்பிப் படித்தன. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்னும் நூல்களைக் கடித வடிவில் எழுதினார்.

1949ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய திருக்குறள் தெளிவுரை பல இலட்சம் மக்களின் கைகளைச் சென்றடைந்தது. திருக்குறளுக்குப் பழைய உரைகள் பல உண்டு. ஆனால் அவற்றைப் படித்துப் பொருள் அறியப் புலமை வேண்டும். மு.வ.வோ 1330 குறள்களுக்கும் சின்னஞ்சிறு தொடர்களில் பொருள் எழுதினார். பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய நூலாக அது வெளிவந்தது. ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர் பலர் தம்முடன் எடுத்துச் சென்ற நூல்களுள் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டிலும் அது இருக்கக்கூடும்; தேடிப் பாருங்கள். வகுப்பறையில் அமராமல் தாமே முயன்று கற்றவர் அவர். ஆதலால் கற்பவர் எந்த இடத்தில் தடுமாறுவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது.

அகல் விளக்கு என்னும் அவருடைய புதினத்திற்கு 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அது நண்பர் இருவரின் கதை. ஒருவன் மின்னலைப் போன்ற அறிவு படைத்தவன். ஆனால் கட்டுப்பாடு இன்மையால் வாழ்வைக் கெடுத்துக்கொள்கிறான். மற்றவன் அத்தகைய அறிவாற்றல் வாய்க்காதவன்; ஆயினும் அகல் விளக்கைப் போல அமைதியாக நின்று ஒளி தருகிறான். படிப்படியாக உயர்ந்த ஒருவர் இக்கதையை எழுதியது பொருத்தமே.

6. துணைவேந்தர்

1961ஆம் ஆண்டு மு.வ. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவரானார். 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஊசுட்டர் கல்லூரி 1972ஆம் ஆண்டு அவருக்கு இலக்கியப் பேரறிஞர் என்னும் சிறப்புப் பட்டம் வழங்கியது. துணைவேந்தராகப் பணியாற்றிய காலத்திலேயே, 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 62.

7. நாம் உணர்வது

நோய் வந்ததனால் மு.வ. உயர்ந்தார் என்று கூறுதல் பொருந்தாது. நோய் துன்பமே, வேலை இழப்பும் துன்பமே. நோயுற்று வேலை இழந்தோர் எல்லாரும் அறிஞராகிவிடுவதில்லை. அந்த இழப்பின்பின் கிடைத்த காலத்தை அவர் என்ன செய்தார் என்பதே நாம் கருத வேண்டியது. அருகில் இருந்த ஆசிரியரை நாடினார். கையில் கிடைத்த நூல்களைக் கற்றார். பயன் உறுதியாகத் தெரியாதபோதும் பல ஆண்டுகள் முயன்றார்.

மாணவர்களே! உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் வேலையின் பொருட்டு ஊர் மாறி இங்கு வந்தவர்கள். கடையின் பெயர்ப்பலகையும் பேருந்தின் பலகையும் இங்கே தெலுங்கில் உள்ளன. பள்ளியில் தமிழ் உங்களுக்கு விருப்பப் பாடம் மட்டுமே. இதனால் என்ன பயன் என்று சில வேளைகளில் உங்களுக்குத் தோன்றலாம். பயன் கருதாமல் மு.வ. கற்ற தமிழே அவருக்கு வாழ்வளித்தது. அவருடைய உரையின் வழியாகப் பல இலட்சம் பேருக்குக் குறளையும் அளித்தது.

சொற்பொருள்

எழுத்தர் – அலுவலகத்தில் எழுத்துப் பணி செய்பவர்
குன்றுதல் – குறைதல்
மாகாணம் – ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துப் பெரிய ஆட்சிப் பகுதி
வித்துவான் – தமிழ்ப் புலமைக்கு அளிக்கப்பட்ட பட்டம்
புதினம் – நாவல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மு.வ.வுக்கு முதலில் இட்ட பெயர் ________.
2. 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் ________.
3. சாகித்திய அகாதெமி விருது பெற்ற மு.வ.வின் புதினம் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மு.வ. எழுத்தர் பணியிலிருந்து விலகியது ஏன்?
2. அக்காலத்தில் தமிழாசிரியரின் நிலை எவ்வாறு இருந்தது?
3. திருக்குறள் தெளிவுரை பழைய உரைகளினும் எவ்வாறு வேறுபட்டது?

இ. வரைபடத்தில் குறிக்க.
திருப்பதி, சித்தூர், வேலூர், வாலாசாபேட்டை, திருப்பத்தூர், பாலாறு.

ஈ. கேட்டு எழுதுக.
உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வேலையோ ஊரோ மாற நேர்ந்ததைப் பற்றி அவரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.