யூதாஸ்: திரும்பிவர வழியில்லாமல் போனவன்

துரோகி என்ற சொல்லுக்கு உலகம் வைத்திருக்கும் மறுபெயர் யூதாஸ். எங்கள் வீடுகளிலும் கூட்டங்களிலும் துரோகி என்ற சொல் எளிதாகவே புழங்குகிறது. அதனால் அந்தப் பெயருக்குரியவனின் கதையை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

யேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவன் யூதாஸ் இஸ்காரியோத்து. சீடர்களின் பணப்பை அவனிடமே இருந்தது. நம்பிக்கை இல்லாதவனிடம் யாரும் பணப்பையைக் கொடுப்பதில்லை.

அவன் ஏன் காட்டிக்கொடுத்தான்? நற்செய்திகள் ஒரே பதிலைத் தரவில்லை. காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் மாற்கு, காரணம் எதையும் கூறவில்லை. மத்தேயு 30 வெள்ளிக்காசைச் சொல்கிறார். மாடு முட்டி ஓர் அடிமை இறந்தால் அவனுடைய எசமானுக்குக் கொடுக்கும்படி மோசேயின் சட்டம் விதித்த தொகை அது. சாத்தான் புகுந்தான் என்கிறார் லூக்கா. பணப்பையிலிருந்து திருடுபவன் என்கிறார் யோவான்.

கடைசி இராவுணவின்போது யேசு கழுவிய கால்களில் அவனுடைய கால்களும் இருந்தன. அன்றிரவே கெத்செமனித் தோட்டத்தில் முத்தமிட்டு அவரை அடையாளம் காட்டினான். யேசுவுக்குத் தண்டனை உறுதியானதும் மனம் வருந்தி, தலைமைக் குருக்களிடம் காசைத் திருப்பிக்கொடுக்கப் போனான். அது உன் பாடு என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான் என்கிறார் மத்தேயு. அப்போஸ்தலர் பணிகள் நூல் அவன் சாவை வேறுவிதமாகச் சொல்கிறது.

அதே இரவில் பேதுருவும் யேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். ஆனால் அவர் அழுதார், தோழர்களிடம் திரும்பினார், திருச்சபையின் தலைவரானார். யூதாஸ் திரும்பிப் போனதோ தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம்.

பின்வந்த காலம் அவனை இன்னும் கடுமையாகத் தண்டித்தது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தின் அடியாழத்தில் சாத்தானின் வாய்க்குள் அவனை வைத்தார். ஐரோப்பா அவனை யூத இனம் முழுவதற்கும் முகமாக்கியது. யேசுவும் பேதுருவும் யூதர்களே என்பதை மறந்து, ஒருவனின் பழியை ஓர் இனத்தின்மேல் சுமத்தியது.

பிரான்சின் வெசெலே தேவாலயத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தூண் சிற்பம் ஒன்று உண்டு. ஒருபுறம் தூக்கில் தொங்கும் யூதாஸ். மறுபுறம் ஒருவர் அவன் உடலைத் தோளில் சுமந்து செல்கிறார். சுமப்பவர் நல்ல மேய்ப்பரான யேசுவே என்று பலர் கருதுகிறார்கள்.

காட்டிக்கொடுத்தது குற்றமில்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஒருவரைத் துரோகி என்று அழைத்தபின், அவர் திரும்பிவர ஒரு கதவையாவது திறந்து வைத்திருக்கிறோமா?