திருக்காட்சி முதல் திருநீற்றுப் புதன் வரை



திருமணத்திற்கும் புதுமனை மந்திரிப்புக்கும் தேதி குறிக்க வரும் நம்மவருள் சிலர், நல்ல நாளா, இராகு காலம் கழிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே வருகிறார்கள். ஒரு நாளை நல்ல நாளாக்குவது எது? புனித அருளானந்தரின் இறுதி நாள்கள் இதற்குப் பதில் தருகின்றன.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1-ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றபோது தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். குணமடைந்த மகன் ஓராண்டு காலம் இயேசு சபையாரின் அங்கியை அணிந்தார். 1662-இல் அச்சபையிலேயே சேர்ந்தார். 1673-இல் கப்பலேறி இந்தியா வந்தார். மதுரை மிஷனில் காவி உடுத்தி, புலால் விலக்கி, பண்டாரசாமியாக ஊர் ஊராய் நடந்தார். மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தனர்.

1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். இனி இங்கே போதித்தால் மரணம் என்ற எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டார். பின்னர் மிஷன் அலுவலாக லிஸ்பன் அனுப்பப்பட்டார். அப்போது அரசராயிருந்தவர் பழைய தோழர் பேதுரு. அவர் அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பியும், அருளானந்தர் 1690-இல் திரும்பினார். அதுவும் அதே மறவர் நாட்டுக்கு!

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர், கிறிஸ்தவர்களின் செபத்தால் நோய் நீங்கப்பெற்று, திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டுமே வாழவேண்டும் என்பதில் அருளானந்தர் உறுதியாயிருந்தார். தேவர் இணங்கினார். 1693 சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். சனவரி 8-ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று திருநீற்றுப் புதன்.

விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வேதனையும் உண்மையானதே. அதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. ஆனால் அருளானந்தர் நினைத்திருந்தால் சற்று வளைந்துகொடுத்து, ஓர் அரச குடும்பத்தாரின் ஆதரவைப் பெற்றுப் பாதுகாப்பாய் வாழ்ந்திருக்கலாம். நற்செய்தியின் விலையைக் குறைத்து விற்க அவருக்கு மனம் வரவில்லை. பிறர் குறைத்துக் கேட்காதபடி, தாமே முழு விலையும் கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, ஓரியூரின் செம்மண்ணை இன்றும் பக்தியோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். 1947 சூன் 22-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. பஞ்சாங்கம் பார்த்திருந்தால் அந்தப் பிப்ரவரி 4 எப்படிப்பட்ட நாளாகத் தெரிந்திருக்குமோ! நமக்கோ அது திருநாள். நாளை நல்லதாக்குவது அன்று நாம் காக்கும் உண்மையே. அடுத்த முறை தேதி குறிக்கும்போது, அந்த நாளில் ஆண்டவருக்கு எதைக் கொடுக்கப்போகிறோம் என்று முதலில் கேட்போம்.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.